அக்காவுக்காக விட்ட கம்பி

அந்தக் கோடையில் எங்கள் காலனிக்குத் தண்ணீர் ஏற்றியது ஒரு வாடகை ஜெனரேட்டர். வண்டியூர் தாண்டி, ரிங் ரோட்டுக்குக் கிழக்கே, வயலைப் பிளாட் போட்டு விற்ற இடம் எங்களுடையது. மாநகராட்சிக் குழாய் இன்னும் எட்டவில்லை. எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு பொதுப் போர்வெல், அதன் பக்கத்தில் ஒரு மேல்நிலைத் தொட்டி. இரண்டும் என் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருக்கின்றன. வீடுகள் கூடக் கூட வோல்டேஜ் இறங்கிப்போய், பகலில் மோட்டார் சுற்றுவதே அபூர்வமாகிவிட்டது. ஒருமுறை மோட்டார்ச் சுருள் எரிந்து புகைந்தது. அதற்குப் பிறகுதான் காலனிச் சங்கத்தில் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து என் அடுப்படி ஜன்னலுக்கு நேரே நிறுத்தினார்கள்.

காலையில் அது உறும ஆரம்பித்தால் அலமாரியில் தட்டுகள் அதிரும். கொடியில் காயும் துணியில் டீசல் வாடை ஏறும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் சேலையை முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டில் லாரி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஆனாலும் நான் யாரிடமும் குறை சொல்லவில்லை. டீசல் ஊற்ற யாராவது ஒருவர் வருவார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார், வெயிலைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசுவார். ஓய்வு பெற்றபின் என் வீட்டுக்குத் தினமும் ஆள் வந்தது அப்போதுதான்.

நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன் என்று தெரிந்ததும் காலனியில் எல்லோரும் ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். டீச்சர் என்ற அளவுக்காவது என்னைத் தெரிந்திருக்கிறதே என்று இருந்தது.

மே மாதம் பாதியில் ஜெனரேட்டரும் நின்றுபோய், ரெண்டு நாள் தொட்டி காலியாகக் கிடந்தது. சங்கத்துச் செயலாளர் கூட்டம் போட்டார். ஊருக்குள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், நாற்பது வயதிருக்கும், யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கூட்டத்துக்கு இடம் தேடியபோது எல்லோர் கண்ணும் என் வீட்டு முன்பக்கம் விழுந்தது. கார் நிறுத்துகிற மாதிரி அகலமாகப் போட்ட போர்ட்டிகோ. என்னிடம் காரும் கிடையாது, சைக்கிளும் கிடையாது. பாய் விரித்தால் முப்பது பேர் தாராளமாக உட்காரலாம்.

முதல் கூட்டம் முழுக்கச் சண்டை. ஆளுக்கொரு போர் போட்டுக்கொள்ளலாம் என்றார் தெருமுனை வீட்டுக்காரர். எதிர்வீட்டு அம்மா இட்லி மாவு ஆட்டி விற்கிறவர், தண்ணீர் இல்லாவிட்டால் அவருக்கு அன்றைய பிழைப்பே இல்லை. அவர்தான் எழுந்து, ஆளுக்கொரு போர் போட்டால் மூணாம் வருஷம் எல்லா போரிலும் காற்றுதான் வரும், தான் பிறந்த ஊரில் அப்படித்தான் ஆனது என்றார். செயலாளர் இரண்டு பேரையும் பேச விட்டார். கடைசியில், தண்ணீரை மட்டும் தனியாகப் பார்த்தால் தீராது, இந்தக் காலனி இன்னும் வளரப்போகிறது, வளர்கிற விதத்தையே இப்போது உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறும் இங்கேயே கூடலாமா என்று என்னைப் பார்த்தார். தாராளமா என்றேன். அன்று மாலையே கடைக்குப் போய் டீ போடப் பெரிய பாத்திரம் ஒன்று வாங்கிவந்தேன்.

அப்படி வாராவாரம் ஞாயிறு சாயங்காலம் என் போர்ட்டிகோ நிறைந்தது. பொதுப் போரை மட்டும் வைத்துக்கொள்வது, மோட்டாரை நேரே சோலாரில் ஓட்டுவது, வெயில் இருக்கும்போதே தொட்டியை நிரப்பிவிடுவது என்று ஒவ்வொன்றாக முடிவானது. எல்லா வீட்டு மாடி மழைத் தண்ணீரும் தெருவோரம் சிமென்ட் உறை இறக்கிய குழிகளுக்குள் இறங்க வேண்டும். கிழக்கே கண்மாய்க்குப் போகிற பழைய வாய்க்காலில் யாரும் கட்டட இடிபாடு கொட்டக் கூடாது. தெரு முழுக்க சிமென்ட் போடாமல் இரண்டு ஓரத்திலும் மண் விட்டு மரம் வைக்க வேண்டும். பூங்காவுக்கு என்று விட்டிருந்த இடத்தில் நிற்கிற பெரிய வேம்பை வெட்டக் கூடாது. இனி வீடு கட்ட வருகிறவர்களிடமும் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாய்க்கால் விஷயத்தில் மட்டும் தெருமுனை வீட்டுக்காரர் மூன்று வாரம் முறுக்கிக்கொண்டு இருந்தார். தன் வீட்டு இடிபாட்டை அங்கேதான் கொட்டி வைத்திருந்தார். நாலாவது வாரம் அவரே ஒரு டிராக்டர் பிடித்து அள்ளிக்கொண்டு போனார். நாங்கள் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

எனக்கு வாய்க்கால் பேச்சு பிடித்தது. எங்கள் அம்மா இந்த மாதிரி வயல்களில், அலங்காநல்லூர்ப் பக்கம், அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவள். எந்த மடையில் எப்போது தண்ணீர் வரும் என்று அவளுக்குத் தெரியும், ஒரு சென்ட் நிலம் அவளுக்குக் கிடையாது. அம்மா நின்ற சேறு மாதிரியான சேற்றின் மேல்தான் என் வீடு நிற்கிறது என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கூட்டத்தில் அதை நான் சொன்னதில்லை. டீ கொடுப்பேன், டம்ளர் எடுப்பேன், யாராவது கேட்டால் ஆமாம் என்பேன். எல்லோரும் போனபிறகு பாயைச் சுருட்டும்போது அடுத்த ஞாயிறுக்கு இன்னும் எம்புட்டு நாள் என்று எண்ணுவேன்.

சோலார் வைக்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் இடம் பார்க்க வந்த அன்றுதான் விஷயம் என் தலைக்கு மேல் வந்து நின்றது. தொட்டியின் தலையில் இடம் போதவில்லை. பூங்காவில் வேம்பு நிழல். சுற்றியிருக்கிற வீடுகள் எல்லாம் மாடி வீடு, அவற்றில் துணிக்கொடி, தண்ணீர் டேங்க், தகரக் கொட்டகை. போருக்குப் பக்கத்தில், நாள் முழுக்க வெயில் விழுகிற, மூலையில் ஒரு சின்ன டேங்க் தவிரக் காலியான மொட்டை மாடி என்னுடையது ஒன்றுதான். வந்தவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, இடம் பிரமாதம், ஆனால் இந்தக் கம்பிகள் இருக்கிறதே என்றார்.

ஒவ்வொரு தூணின் தலையிலிருந்தும் நெஞ்சு உயரத்துக்குக் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். பின்னால் மாடி எடுப்பதற்காக விடுவது. எங்கள் ஊர்ப்பக்கம் பாதி வீடுகளின் தலையில் அப்படித்தான் நிற்கும். என் வீட்டில் அவை நின்றது அக்காவுக்காக.

எனக்கு ஒரே அக்கா. எங்கள் இரண்டு பேரையும் மிஷன் போர்டிங்கில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். அவள் நர்ஸ் ஆனாள், நான் கிளார்க் ஆனேன். கல்யாணமான மூன்றாம் வருஷமே அவளுடைய வீட்டுக்காரர் தவறிப்போனார், பிள்ளை இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் வேலை பார்த்தபோது, மாதம் ஒரு ஞாயிறு நான் பஸ் ஏறிப் போவேன், அல்லது அவள் வருவாள். இந்த இடத்தை இரண்டு பேர் பெயரிலும் சேர்த்துத்தான் வாங்கினோம். எங்கள் குடும்பத்தில் பத்திரத்தில் பெயர் ஏறிய முதல் நிலம். கீழே நான், அவள் ரிட்டயர் ஆனதும் மேலே அவள். படிக்கட்டை வெளியில் வைக்கச் சொன்னவளும் அவள்தான். உன் தூக்கத்தைக் கெடுக்காமல் நான் வந்து போவேன் என்றாள்.

ரிட்டயர் ஆனவளை ஓசூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கு நர்ஸாகக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷம்தான், போயிட்டு வாரேன் என்று போனாள். அந்த ஒரு வருஷம் முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசச் சொல்வேன். துருப் பிடிக்காமல் இருந்தால்தானே பின்னால் தூண் எழுப்ப முடியும்.

சோலார் பலகைகள் வைத்துவிட்டால் இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு மாடியில் எதுவும் கட்ட முடியாது. கம்பிகளையும் வெட்ட வேண்டும். செயலாளர் இதை எல்லோர் முன்னாலும் கேட்காமல், ஒரு நாள் காலையில் தனியாக வந்து சொன்னார்.

“டீச்சர், யோசிச்சுச் சொல்லுங்க. கட்டாயம் ஒண்ணும் இல்ல. வேற வழி பாத்துக்கலாம்.”

வேறு வழி இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அக்காவிடம் கேட்க வேண்டும் என்றேன். அவர் முகத்தில் லேசான ஆச்சரியம். என் அக்காவை அந்தக் காலனியில் யாரும் பார்த்ததில்லை. அப்படி ஒருத்தி இருக்கிறாளா என்றே சிலருக்குச் சந்தேகம் இருந்ததாக எதிர்வீட்டு அம்மா பின்னால் ஒருமுறை சொன்னார்.

வாரத்தில் இரண்டு நாள் அக்காவோடு போனில் பேசுவேன். அந்த வாரமும் பேசினேன். ஹாஸ்டலில் ஒரு பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்றாள், பத்தியச் சாப்பாடு செய்ய ஆளில்லை என்றாள். பின்னால் பிள்ளைகள் சத்தம். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். கம்பியைப் பற்றிக் கேட்க வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. இரண்டு ஞாயிறு கூட்டம் நடந்து முடிந்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஆனால் மாடியைப் பற்றிய பேச்சு வரும்போது எல்லோரும் கொஞ்சம் மெதுவாகப் பேசினார்கள்.

உசிலம்பட்டியில் எங்கள் சித்தப்பா பேத்திக்குக் கல்யாணம் வந்தது. அக்கா இரண்டு நாள் லீவு போட்டு வந்தாள். கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் டவுன் பஸ் மாறி மாறி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அன்று சாயங்காலமே அவளுக்கு ஓசூர் பஸ். சாப்பிட்டு முடித்து அவள் கொஞ்சம் படுக்கலாம் என்றபோது, மேலே ஒன்று காட்டணும் வா என்றேன்.

படியில் ஏறும்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். முட்டி தேய்ந்துவிட்டது, ஹாஸ்டலில் தனக்குக் கீழ் ரூம்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். போதும், இறங்கிவிடலாம் என்றேன். வந்தது வந்துவிட்டேன் என்று ஏறி முடித்தாள்.

மேலே சுள்ளென்ற வெயில். வடக்கே யானைமலை புழுதிக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது. அக்கா சாம்பல் நிறத்தில் நின்ற கம்பிகளைப் பார்த்தாள். கிட்டே போய் ஒன்றைத் தொட்டாள்.

“இதை இன்னுமா வச்சிருக்க?”

“வருஷா வருஷம் சிமென்ட் பால் பூசுறேன்.”

தண்ணீர் டேங்கின் நிழலில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“நான் வரப்போறதில்லன்னு உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

“நீ சொல்லலையேக்கா.”

“நீயும் கேக்கலையே.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நானும் அழவில்லை. சோலார் விஷயத்தைச் சொன்னேன், மோட்டாரைச் சொன்னேன், எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் என்று சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டாள். சொல்லி முடித்தபின் இன்னொன்றும் என் வாயிலிருந்து வந்தது. அதைச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை.

“மாடி வேணாம்க்கா. கீழ ரெண்டு ரூம் இருக்கு. கீழயே இருந்துக்க.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் கை, எப்போதும் சில்லென்று இருக்கும்.

“அங்க காய்ச்சல், வயித்துவலின்னா பிள்ளைங்க என்னையத்தான்டி தேடுதுங்க. இங்க வந்து நான் யாருக்கு?”

‘எனக்கு’ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டுமா என்று ஒரு பக்கம் இருந்தது. தெரிந்தேதான் கேட்கிறாளோ என்று இன்னொரு பக்கம். நீ அங்கே வந்துவிடு என்று அவள் கூப்பிடவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

“வெட்டச் சொல்லிரு” என்றாள். “நல்ல வெயில் விழுகுது. வீணாத்தானே போகுது.”

இறங்கும்போது அவள் எனக்கு முன்னால் இறங்கினாள், நான் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக, மாத்திரையை ஒழுங்காகப் போடு என்று மட்டும் சொன்னாள். ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது தெப்பக்குளத்தில் சனம் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. இறங்கி உட்காரலாமா என்று நினைத்தேன். தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்று வீட்டுக்கே வந்துவிட்டேன்.

மறுநாள் செயலாளரிடம் சரி என்றேன். அக்காவிடம் கேட்டாச்சா என்றார். கேட்டாச்சு, அவளுக்கும் சம்மதம்தான் என்றேன். சங்கத்துக்கும் எங்களுக்கும் நடுவே முறைப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அக்கா ஓசூரிலிருந்து தன் கையெழுத்தை அனுப்பிவைத்தாள்.

கம்பி வெட்ட வந்தவர்கள் ஒரே காலையில் வேலையை முடித்தார்கள். நான் கீழே அடுப்படியில் இருந்தேன். மெஷின் கம்பியில் படும்போதெல்லாம் வீடு முழுக்க ஒரு கீச்சல் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே பொறி விழுவது தெரிந்தது. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, அடிப்பிடித்து, மறுபடி வைத்தேன். வெட்டிய கம்பிகளை என்ன செய்யலாம் என்று செயலாளர் வந்து கேட்டார். தெருவில் வைக்கிற கன்றுகளுக்குக் கூண்டு செய்துகொள்ளச் சொன்னேன். இம்புட்டு நல்ல கம்பி, துருவே இல்லையே டீச்சர் என்றார்.

பலகைகள் ஏறின. மோட்டார் ஓடிய முதல் நாள் காலனியே என் வீட்டு மாடியில் நின்றது. எதிர்வீட்டு அம்மா பெரிய தூக்கில் கேசரி கொண்டுவந்தார். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஜெனரேட்டரை மறுநாள் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

அதன்பிறகு என் வீடு அமைதியானது. அடுப்படி ஜன்னலைத் திறந்து வைக்கலாம், துணியில் வாடை இல்லை. மோட்டார் வெயில் ஏறும்போது தானாக ஓடும், இறங்கும்போது தானாக நிற்கும். யாரும் வந்து எதையும் ஊற்ற வேண்டியதில்லை. பூங்காவில் வேம்புக்கு அடியில் சங்கத்தார் ஒரு கொட்டகை போட்டார்கள், கூட்டம் அங்கே போனது. பாவம் டீச்சரை எத்தனை நாள் சிரமப்படுத்துவது என்று பேசி முடிவெடுத்ததாகச் செயலாளர் சொன்னார். எனக்கு நல்லது செய்கிற எண்ணத்தில்தான் செய்தார்கள். டீ போட்ட பெரிய பாத்திரத்தைக் கழுவிப் பரணில் ஏற்றினேன். மாதம் ஒருமுறை கொட்டகைக்குப் போய் நானும் உட்கார்ந்துவிட்டு வருவேன். டீயை வேறு யாராவது கொண்டுவருவார்கள்.

ரிங் ரோட்டுப் புழுதி பலகையில் படியும். வாரம் ஒருமுறை கழுவ வீட்டுக்கு ஒருவராக முறை வைத்திருக்கிறார்கள். படிக்கட்டு வெளியில் இருப்பதால் என்னைக் கூப்பிட வேண்டிய தேவை இல்லை. விடிந்ததும் யாரோ ஏறுவார்கள், தலைக்கு மேல் நடப்பது கேட்கும், வாளி வைப்பது கேட்கும், இறங்கிப் போவார்கள். முதல் சில வாரம் நான் டீ போட்டு வைத்துக் காத்திருந்தேன். டீயைக் குடிக்க நேரமில்லை, வேலைக்குப் போக வேண்டும் என்பார்கள். அது நியாயம்தான்.

பக்கத்து லே-அவுட்டிலிருந்து ஒரு கூட்டம் இதைப் பார்க்க வந்தது. செயலாளர் மேலே அழைத்துப் போய்க் காட்டிக்கொண்டிருந்தார். அவர் குரல் படி வழியாகத் தெளிவாக இறங்கிவந்தது. மழைநீர்க் குழியைச் சொன்னார், வாய்க்காலைச் சொன்னார். ஒரு பெண், யார் வீட்டு மாடி இது, எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டது.

“டீச்சர் வீடு. அவங்க ஒத்தை ஆளு, அவங்களுக்கு மாடி எதுக்கு? அதனால சிரமமில்லாமக் குடுத்துட்டாங்க.”

அவரிடம் தப்பு ஒன்றும் இல்லை. பார்க்கிறவருக்கு அப்படித்தான் தெரியும். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், உரித்து முடித்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை. முந்தின வருஷம் முழங்கால் வரை நின்ற தெருவில் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்து குழிகளுக்குள் இறங்கியது, மீதி வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்குப் போனது. குடை பிடித்துக்கொண்டு நாங்கள் பலபேர் தெருவில் நின்று அதை வேடிக்கை பார்த்தோம். தெருமுனை வீட்டுக்காரர் ஏதோ தானே வெட்டிய வாய்க்கால் மாதிரி எல்லோருக்கும் விளக்கினார். அடுத்த கோடையில் ஒரு நாள்கூடத் தொட்டி காலியாகவில்லை. எதிர்வீட்டு அம்மா இப்போது இரண்டாவது கிரைண்டர் வாங்கியிருக்கிறார்.

கழுவும் முறையில் என் பெயர் இல்லை. இடம் கொடுத்தவர் கழுவவும் வேண்டுமா என்று விட்டிருந்தார்கள். போன மாதம் கூட்டத்தில் நானே கேட்டு என் வீட்டையும் சேர்க்கச் சொன்னேன். என் முறை வந்த ஞாயிறு விடியலில் வாளியோடு மேலே போனேன். துணியை நனைத்து ஒவ்வொரு பலகையாகத் துடைத்தேன். கருப்பாக, குளிர்ந்து கிடந்தன. முடித்துவிட்டு, ஆராதனைக்கு இன்னும் நேரம் இருந்ததால், டேங்கின் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

எங்கே இருக்கிறாய், காற்றுச் சத்தம் கேட்கிறது என்றாள். மாடியில், பலகை கழுவினேன் என்றேன். வழுக்கும், பார்த்து நட என்றாள். பிறகு, எங்கள் ஹாஸ்டலிலும் கரண்ட் போய்ப் போய் வருகிறது, பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கச் சிரமப்படுகிறார்கள், வார்டனிடம் உங்கள் காலனிக் கதையைச் சொன்னேன், முதலில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், மாடியில் எம்புட்டு இடம் வேண்டும் என்று கேட்டுச் சொல்லச் சொன்னார் என்றாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நிழல் விழக் கூடாது என்பது தெரியும், எந்தத் திசை பார்த்துச் சாய்க்க வேண்டும் என்பது தெரியும். மற்றதைச் செயலாளரிடம் கேட்டு வைக்கிறேன் என்றேன்.

“மறக்காமக் கேளு. வியாழக்கிழமை நானே கூப்பிடுறேன்.”

வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன். சரிக்கா என்று வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.